வேர் உங்க பக்கம், பூ எங்க பக்கம்

அந்த அரிவாளைக் கொஞ்சம் கீழ வைக்கச் சொல்லுங்க தம்பி. உங்க ஆளுங்களுக்குத்தான் சொல்றேன். வேலியில படர்ந்து கிடக்கே, அதுல மட்டும் கை வைக்க வேண்டாம். மத்ததெல்லாம் வெட்டட்டும். உண்ணிச்செடியை வெட்டட்டும், அந்தப் பேரி மரத்தைக்கூட வெட்டட்டும், அது காய்ச்சே எத்தனையோ வருசமாச்சு. இது வேண்டாம்.

காய்ஞ்ச சுள்ளிதானேன்னு கேக்கறாரா மேஸ்திரி? கேப்பாரு. தை மாசத்துல யார் பார்த்தாலும் அப்படித்தான் கேப்பாங்க. உறைபனி விழுந்து விழுந்து, தொட்டா ஒடியிற மாதிரி நிக்கும். ஆனா சாகல. செத்த மாதிரி கிடந்து மனுசரை ஏமாத்துறதுதான் இதோட புத்தி. அந்தப் புத்தியாலதான் இவ்வளவும் வந்துச்சு.

சூசை அண்ணன் வீட்டை வாங்கியிருக்கிறது நீங்கதானே? திருப்பூர்க்காரங்கன்னு சொன்னாங்க. உள்ள வாங்க. பரவால்ல, செருப்போடயே வாங்க, தரை ஐஸ் மாதிரி இருக்கும். என் பேரு சிவபாக்கியம். இந்த லைன் வீட்டுல யாரைக் கேட்டாலும் என்னைப் பத்திச் சொல்லுவாங்க. என்ன சொல்லுவாங்கன்னு நான் கேட்டுக்கிறதில்ல. தேத்தண்ணி ஊத்தட்டுமா? நாங்க சிலோன்ல இருந்து வந்த ஆளுங்க. கோத்தகிரிக்கு வந்து ஐம்பது வருசமாகப் போகுது, அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயை விட்டுப் போகல. சீனி தூக்கலா, குறைச்சலா?

அந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கங்க. அது ஆடும், சுவரோரமா வச்சா ஆடாது. சொல்றேன். வெட்டுறதா வேண்டாமான்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நிலம் உங்களுது. அதை நான் இல்லைன்னு சொல்லல.

அதுக்குக் கிளமேட்டிஸ்னு பேரு. நான் ஊதாக்கொடின்னுதான் சொல்றது. எங்க வீட்டுக்காரர் ஒரு பார்சியம்மா பங்களாவுல தோட்டவேலை பார்த்தார். அந்தம்மா வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறப்போ எல்லாருக்கும் நாற்காலி, பாத்திரம்னு குடுத்துச்சு. இவருக்கு ஒரு பதியம். இவரும் அதை என்னமோ தங்கம் மாதிரி மடியில வச்சுக்கிட்டு பஸ்ல வந்து இறங்கினார். "ஏங்க, மத்தவங்க பீரோ கொண்டு போறாங்க, நீங்க புல்லைக் கொண்டு வந்திருக்கீங்களே"ன்னு கேட்டேன். "பூக்கும்போது பேசு"ன்னார்.

பூத்துச்சு தம்பி. விரிச்ச உள்ளங்கை அளவு ஒரு பூ. ஊதான்னா சும்மா ஊதா இல்ல, மழைக்கு முன்னாடி தொட்டபெட்டா பக்கம் வானம் ஒரு நிறத்துல நிக்கும் பாருங்க, அது. இன்னும் நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. இங்க இருக்கப் போறீங்கல்ல, பார்ப்பீங்க.

ஆனா அதுக்கு ஒரு குணம். கால் நிழல்ல இருக்கணும், தலை வெயில்ல இருக்கணும். பார்சியம்மா இவருக்குச் சொல்லி அனுப்பின பாடம் ரெண்டே ரெண்டு. அது ஒண்ணு. இன்னொண்ணு, நடும்போது ரெண்டு கணுவை மண்ணுக்குள்ள புதைச்சு நடணும், ஆழமா. எங்க பக்கம் பாருங்க, காலையில அடிக்கிற வெயில் சாயங்காலம் வரைக்கும் மண்ணைச் சுடும். முதல்ல இங்கதான் நட்டார். ஒரே மாசத்துல தலை தொங்கிப்போச்சு. வேலிக்கு அந்தப் பக்கம், உங்க பக்கம், அடியில மார்பளவு தகரம் அடிச்சிருக்கே, அதோட நிழல் எந்நேரமும் விழுந்து கிடக்கும். துவைக்கிற கல்லும் அங்கதான், ஈரம் காயாது. "வேரை ஜெசி பக்கம் வச்சிருவோம், அது தானா ஏறி நம்ம பக்கம் வந்துடும்"ன்னார். வச்சார். ஏறுச்சு. தகரத்தைத் தாண்டி, மேல இருக்கிற கோழிவலையைப் பிடிச்சுது. பிடிச்சு ஏற இதுக்குத் தனியா சுருள் கிடையாது, இலைக்காம்பே சின்னப்பிள்ளை விரல் மாதிரி வளைஞ்சு கம்பியைப் பிடிச்சுக்கும். பிடிச்சு, தலையைத் திருப்பி, வெயிலைப் பார்த்து நின்னுச்சு. வெயில் எங்க பக்கம். அவ்வளவு பூவும் எங்க பக்கம்.

வேர் உங்க பக்கம், பூ எங்க பக்கம். அப்போ அது அவங்க பக்கம். ஜெசி பக்கம்.

ஜெசிந்தா. சூசை அண்ணன் சம்சாரம். என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவ. பிள்ளை குட்டி இல்ல. கட்டையா, கறுப்பா, வாய் மட்டும் வண்டி வண்டியா. அவர் தேயிலைப் பேக்டரிக்குப் போயிட்டா இவளுக்குப் பேச ஆள் நான்தான். காலையில பத்து மணி வாக்குல சோறு வடிச்சு, கஞ்சித் தண்ணியை ஆறவச்சு எடுத்துட்டு வருவா. வேர்ல ஊத்துவா. ஊத்திட்டு "அக்கா"ன்னு ஒரு குரல். நான் இங்கிருந்து "என்னடி"ன்னு ஒரு குரல். அவ்வளவுதான், அப்புறம் பதினொண்ணு, பதினொண்ணரை ஆயிடும். தகரத்துக்கு அந்தப் பக்கம் அவ தலை மட்டும் தெரியும். உக்காந்து துணி துவைச்சான்னா அதுவும் தெரியாது, குரல் மட்டும் வரும்.

"எனக்கு முதுகு, உங்களுக்கு மொகமாக்கா? நான் என்ன இந்தக் கொடிக்கு மாமியாரா, சோத்தைப் போட்டு முதுகைப் பார்த்துக்கிட்டு இருக்க?" இப்படிப் பேசுவா. சிரிச்சுக்கிட்டேதான் பேசுவா. ஆனா மனசுல இல்லாமலா வாயில வரும்? நீங்களே சொல்லுங்க.

நான் குடுக்காம இல்ல தம்பி. யாரும் சொல்ல முடியாது. மே மாசம் அவங்க வேதத்துல மாதாவுக்குன்னு வச்சிருக்காங்க, வணக்க மாசம். சுரூபத்துக்குப் பூ வைக்கணும்னு கேப்பா. ரெண்டு குடுப்பேன். மூணு குடுத்த வருசமும் உண்டு. பூ வெட்ட வெட்ட கொடிக்கு நோவும்ல? அதுவும் இல்லாம எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம், அவர் ஞாபகமா இருக்கிறது அது ஒண்ணுதான். அவர் கையால வச்சது. தண்ணி ஊத்தினவ அவதான், ஒன்பது வருசம் ஊத்தினா, அதை நான் மறைக்கல. தண்ணி யார் வேணும்னாலும் ஊத்தலாம்.

நாலு வருசம் முன்னாடி, மே மாசம். மொட்டை எண்ணி வச்சிருந்தேன், நாப்பத்து மூணு. அதுக்கு முன்னாடி அவ்வளவு வந்ததில்ல. மலர்க் கண்காட்சி சமயத்துல வீட்டுத் தோட்டம் பார்க்கன்னு ஆளுங்க வருவாங்க, நல்லா வச்சிருந்தா ஒரு கோப்பை குடுப்பாங்க. நான் பேரு குடுத்திருந்தேன். யாருக்கும் சொல்லல. அன்னிக்குன்னு பார்த்து இவ வர்றா.

"அக்கா."

"என்னடி."

"இந்த வருசம் முடிசூட்டுக்குக் கோயில்ல பூ வைக்கிற முறை எனக்கு வந்திருக்கு. முப்பத்தோராம் தேதி. அன்னிக்குப் பூத்திருக்கிற அத்தனையும் குடுத்துடுங்க. மாதா தலையில இந்த ஊதா எப்படி இருக்கும் நினைச்சுப் பாருங்க."

"பார்க்கலாம்டி."

"சிலோன்ல பார்க்கலாம்னா இல்லைன்னு அர்த்தமாக்கா?"

"பார்க்கலாம்னா பார்க்கலாம்னுதான் அர்த்தம்."

அவ கஞ்சிச் சட்டியைக் கல்லுல டங்குன்னு வச்சா. அந்தச் சத்தம் நல்லா ஞாபகம் இருக்கு. டங்குன்னு.

நாலு நாள் போச்சு. அஞ்சாம் நாள் காலையில கதவைத் திறக்கறேன், கொடி கறுத்துக் கிடக்கு.

வாடினா எனக்குத் தெரியாதா? நாள் பூரா சோர்ந்து, சாயங்காலம் மஞ்சளாகி, அப்படித்தானே எதுவும் வாடும். இது ஒரே ராத்திரியில. கொதிக்கிற எண்ணெயில போட்டு எடுத்த கீரை மாதிரி இலையெல்லாம் சுருண்டு, நரம்பு கறுத்து, நாப்பத்து மூணு மொட்டும் கழுத்து ஒடிஞ்சு தொங்குது. கை வச்சேன், கையில கறுப்பா ஒட்டுச்சு. முந்தின நாள் தண்டு பச்சைப்பசேல்னு நின்னுச்சு தம்பி. நான் தடவிப் பார்த்துட்டுத்தான் படுத்தேன்.

எட்டிப் பார்த்தேன். வேர்கிட்ட மண்ணு ஈரம். எனக்கு மின்னல் மாதிரி அடிச்சுது. முந்தின நாள் காலையில அவ ஊத்தும்போது ஆவி பறந்ததை என் கண்ணால பார்த்தேன். கொதிக்கக் கொதிக்க ஊத்தியிருக்கா. பூ குடுக்கலேன்னு.

கோத்தகிரியில காலையில வாயைத் திறந்தாலே ஆவி பறக்கும். பச்சைத் தண்ணியை ஊத்தினாலும் பறக்கும். அது எனக்குப் பின்னாலதான் தோணுச்சு. அந்த நேரத்துல தோணுமா? யாருக்காவது தோணுமா?

நான் கத்தினதுல ஏழு வீட்டுக் கதவும் திறந்துச்சு. "ஊத்தினியாடி இல்லையாடி"ன்னு கேட்டேன். அவ துணியைப் பிழிஞ்சபடி எழுந்து நின்னா. கொடியைப் பார்த்தா. பார்த்ததும் "ஐயோ மாதாவே"ன்னு நெஞ்சுல கையை வச்சா. நடிக்கிறான்னு நினைச்சேன். "நான் ஊத்தலக்கா"ன்னா.

சரி, சத்தியம் பண்ணுன்னேன். ஓட்டுத் துண்டு ஒண்ணை எடுத்து, அதுல கற்பூரத்தை வச்சு, கொளுத்தி, வலை கிழிஞ்ச இடத்துல தகரத்து விளிம்புக்கு மேல நீட்டினேன். எங்கள்ல அதான் வழக்கம். நெருப்புல கையடிச்சு அணைச்சுட்டா முடிஞ்சுது, அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல இருந்த காலத்துல எத்தனையோ வழக்கு அப்படித் தீர்ந்திருக்கு. நான் அவளுக்கு நல்லதுதான் பண்ணேன் தம்பி. ஒரு அடி. படார்னு ஒரு அடி அடிச்சிருந்தா நான் அந்த இடத்துலயே வாயை மூடியிருப்பேன்.

அவ கையைப் பின்னால கட்டிக்கிட்டா.

"எங்க வேதத்துல சத்தியம் பண்ணக் கூடாதுக்கா. ஆமான்னா ஆமாம், இல்லைன்னா இல்ல. நான் ஊத்தல."

"ஊத்தலேன்னா அணைக்க என்னடி பயம்?"

"பயமில்ல. பாவம்."

"கொதிதண்ணி ஊத்துறது பாவமில்லையா உங்க மாதாவுக்கு?"

"அக்கா, ஒன்பது வருசமா அதுக்குச் சோறு போட்டவ நான்."

"அதான்டி வயித்தெரிச்சல்!"

எல்லாரும் பார்த்துட்டிருக்காங்க. கற்பூரம் எரியுது. அவ அணைப்பான்னு நான் பார்க்கறேன், நான் கையை இழுப்பேன்னு அவ பார்க்கறா. ஓடு சுட்டுச்சு, நான் விடல. கடைசியில அதுவே எரிஞ்சு தீர்ந்து, கறுப்பா ஒரு வட்டம் மட்டும் நின்னுச்சு. நான் சொன்னேன், ஏழு வீட்டுக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னேன்: "பார்த்துக்கங்க. அணைக்கல."

அவ்வளவுதான். அன்னிக்கோட பேச்சு நின்னுச்சு. தோட்டம் பார்க்க வந்தவங்களை வாசல்லயே திருப்பி அனுப்பினேன். அவ இல்லாத நேரமாப் பார்த்து அந்தப் பக்கம் போய், கறுத்த தண்டையெல்லாம் தரையோட வெட்டினேன். முடிசூட்டுக்கு அவ சந்தையில இருந்து சாமந்தி வாங்கி வச்சாளாம், கேள்விப்பட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். மறுநாள் காலையில பத்து மணி. அவ கஞ்சித் தண்ணியோட வந்தா. கொடியே இல்லாத இடத்துல ஊத்தினா. அதுக்கு மறுநாளும். எப்படி இருக்கும் எனக்கு? என்னைக் குத்திக் காட்டத்தான் ஊத்துறான்னு நினைச்சேன். கூப்பிட மாட்டா. ஊத்திட்டு, கொஞ்ச நேரம் நிப்பா, போயிடுவா. நானும் கூப்பிடல. தப்புப் பண்ணவதானே முதல்ல கூப்பிடணும்? நான் பிடிவாதக்காரி இல்ல. யாராயிருந்தாலும் அப்படித்தான் இருப்பாங்க.

ஜூன் கடைசியில மழை பிடிச்சுக்கிச்சு. எங்க கூரை தகரம். மழை விழுந்தா பக்கத்துல நின்னு பேசினாக்கூடக் கேக்காது, நீங்களே இனிமே அனுபவிப்பீங்க. அந்த மழையில ஒரு நாள்தான் அவ போனது. மாரடைப்பு. சூசை அண்ணன் மூணு மணிக்கு வேலை முடிஞ்சு வந்து பார்த்தாராம், துவைக்கிற கல்லுக்கும் வேலிக்கும் நடுவுல குப்புறக் கிடந்தாளாம். தகரத்துக்கு அந்தப் பக்கம். இங்கிருந்து பார்த்தா தெரியாது. நானே அவருகிட்டச் சொன்னேன், "மழையில எனக்கு ஒண்ணும் கேக்கலண்ணே"ன்னு. அடக்கத்துக்குப் போனேன், ஓரமா நின்னேன். கேட்டவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். மழை, கேக்கலன்னு.

தேத்தண்ணி ஆறுது பாருங்க. குடிங்க.

அப்புறம் என்ன ஆச்சுங்கறீங்க? கொடி வந்துச்சு. அதான் ஆச்சு. அடியோட வெட்டின கொடி, மண்ணுக்குள்ள இருந்து கிளம்பி, ஆடி மாசம் முடியறதுக்குள்ள தகரத்தைத் தாண்டி எட்டிப் பார்த்துச்சு. நான் பயந்து போய் ரெண்டு நாள் அந்தப் பக்கக் கதவையே திறக்கல.

கேரட்டுக்கு மருந்து சொல்ல ஒரு தோட்டக்கலை ஆபீசர் வந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். காட்டாம இருந்திருக்கலாம். அவர் சிரிக்கறார். "இது இந்தக் கொடிக்கு வர்ற நோய்மா. பூஞ்சைக் காளான். தண்டுல இறங்கினா ஒரே நாள்ல கறுத்துடும், யாரோ சுடுதண்ணி ஊத்தின மாதிரி இருக்கும்"ன்னார். நான் ஒரு வார்த்தை சொல்லல தம்பி, அவரா சொன்னார், சுடுதண்ணி ஊத்தின மாதிரின்னு. "நெசமாவே சுடுதண்ணி ஊத்தியிருந்தா?"ன்னு கேட்டேன். "வேர் வெந்திருக்கும், அப்புறம் எங்க வர்றது? யாரோ விவரமானவங்க ரெண்டு கணுவை உள்ள புதைச்சு நட்டிருக்காங்க, மேல செத்ததும் அடியில இருந்த கண்ணு முளைச்சிருக்கு. வெட்டினதுக்கப்புறமும் விடாம தண்ணி காட்டியிருக்கீங்க, நல்ல வேலை"ன்னார்.

நல்ல வேலையாம். என்னைப் பார்த்துச் சொல்லிட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டார்.

எனக்கு யார் மேல கோவம் தெரியுமா? அந்த ஆபீசர் மேல இல்ல. ஜெசி மேலதான். ஒரு அடி அடிச்சு அணைச்சிருந்தா என்ன? எந்த மாதா கோவிச்சுக்குவா? சாமிங்களுக்கு இதெல்லாம் புரியாதா? வேதம் வேதம்னு கையைப் பின்னால கட்டிக்கிட்டு என்னை இந்த நிலையில விட்டுட்டுப் போயிட்டா.

என்ன சொல்றீங்க? மறுபடி சொல்லுங்க.

பிடுங்கி எங்க பக்கம் நட்டுத் தர்றீங்களா. நீங்களே ஆள் வச்சு.

நல்ல மனசு உங்களுக்கு. ஆனா வராது தம்பி. எங்க பக்கம் வெயில். கல்லு பரப்பி, தொட்டி வச்சு நிழல் பண்ணலாம்தான். இருந்தாலும் இதோட வேர் கண்ணாடி மாதிரி, ஒடிஞ்சுடும். இப்போ பிடுங்கற காலமும் இல்ல.

மேஸ்திரி, நீங்க உள்ளூர்க்காரரா? ஜக்கனாரை ஊரா? அதான். தை மாசம் தூங்கற நேரத்துல பிடுங்கினாத்தான் பிழைக்கும்னு உங்களுக்குத் தெரியும். சரி, தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். நீங்க கொஞ்சம் அந்தப் பேரி மரத்தைப் போய்ப் பாருங்க. போங்கய்யா.

தம்பி. அவர் போகட்டும்னுதான் இருந்தேன்.

எங்க வீட்டுக்காரர் இருந்தப்போ எத்தனை தடவை கேட்டிருப்பேன், அந்த வேரு நம்ம பக்கமே இருக்கக் கூடாதாங்கன்னு. இப்போ நீங்க கொண்டு வந்து தர்றேங்கறீங்க. எனக்கு வேண்டாம். அது இந்தப் பக்கம் வந்துட்டா அவ அந்தப் பக்கம் எதுக்கு வருவா? வேரை நம்பித்தானே வர்றா. அங்க நீங்க சிமெண்டு போட்டுக் காரை நிறுத்திட்டா, எங்க நின்னு கூப்பிடுவா?

பத்து மணி வாக்குல வரும். தினம்னு சொல்ல முடியாது. மழை நாள்ல தவறாது. முதல் தடவை எப்பவும் கூப்பிடற மாதிரி, "அக்கா"ன்னு. ரெண்டாவது கொஞ்சம் இழுத்து, "அக்காவ்"ன்னு, கடைசியில ஒரு காத்து சேர்ந்து வரும். மூணாவது பாதிதான். "அக்"ன்னு. அன்னிக்கு எப்படியோ அதே மாதிரி.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க.

மழையில கேக்கலைன்னு சொன்னேன். ஆமா, சொன்னேன். சூசை அண்ணன்கிட்டச் சொன்னேன், பாதர்கிட்டச் சொன்னேன், என் மககிட்டப் போன்ல சொன்னேன். நாலு வருசமா சொல்லிச் சொல்லி எனக்கே அது அப்படித்தான்னு ஆயிடுச்சு. உங்ககிட்ட ஏன் வாய் தவறுச்சுன்னு தெரியல. நீங்க அவளைப் பார்த்ததில்ல, அதனால இருக்கும்.

பட்டாணி உரிச்சுட்டு இருந்தேன், மழை அப்போ தூறலாத்தான் இருந்துச்சு. இதோ இந்த இடத்துல. முதல் தடவை கேட்டதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? சந்தோசம். ஒன்றரை மாசம் கழிச்சுக் கூப்பிடறா பாரு, இறங்கி வந்துட்டா பாருன்னு. உடனே போனா மதிப்பு இருக்குமா? ரெண்டாவதும் கூப்பிட்டா. கூப்பிடட்டும்னு உரிச்சேன். மூணாவது. சரி, நாலாவது தடவை கூப்பிட்டா எழுந்திரிச்சுப் போவோம், "என்னடி"ன்னு கேப்போம்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். சத்தியமா முடிவு பண்ணிட்டேன். மடியில இருந்த தோலைக்கூடத் தட்டி விட்டேன், எழுந்திரிக்கத் தோதா.

நாலாவது வரல. கோவிச்சுட்டுப் போயிட்டான்னு நினைச்சேன். பட்டாணிக் குருமா வச்சுச் சாப்பிட்டேன்.

அன்னிக்குச் சூசை அண்ணன் இன்னொண்ணும் சொன்னார். வேர் மேல குளிர்ச்சிக்குன்னு ஒரு பலகைக்கல் வச்சிருப்போம், அதை அவ ஒரு பக்கமா நகர்த்தி வச்சிருந்தாளாம். கை அங்க கிடந்துச்சாம். அடக்கம் முடிஞ்சு வந்து நான் எட்டிப் பார்த்தேன். அந்த இடத்துல துளிர் ரெண்டு. பென்சில் முனை அளவு, செவப்பா.

இப்போ நீங்க படிச்சவர், நீங்க சொல்லுங்க. துளிர் வந்துடுச்சுன்னு காட்டறதுக்குக் கூப்பிட்டாளா? நெஞ்சு வலிக்குது ஓடி வாங்கன்னு கூப்பிட்டாளா? முதல் தடவை அதுக்கும், மூணாவது தடவை இதுக்குமா? நாலு வருசமா இதையேதான் உரிச்சுக்கிட்டு இருக்கேன். குரலை வச்சுக் கண்டுபிடிக்க முடியல. மூணையும் மாத்தி மாத்திக் கேட்டுப் பார்த்துட்டேன். நாலாவது ஒண்ணு கூப்பிட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். இப்பவும் கூப்பிடட்டும்னுதான் உக்காந்திருக்கேன். மூணோட நிறுத்திடறா. அவளுக்குத்தான் பிடிவாதம்.

ஏன் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலைன்னா... சூசை அண்ணன் எத்தனையோ தடவை வாம்மான்னார். போகல. தண்ணிகூட இங்க நின்னுதான் குழாயை நீட்டி ஊத்தறேன். அவ நிக்கற இடத்துல போய் நான் எப்படி நிக்க.

விட்டுடறீங்களா? நெசமாவா? வேரைச் சுத்தி ரெண்டடி போதும், அதுக்கு மேல ஒரு விரக்கடை வேண்டாம். தகரத்தையும் எடுத்துடாதீங்க, நிழல் போயிடும். நீங்க கட்டப்போற சுவரை அந்த இடத்துல கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லுங்க. மேஸ்திரி முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். சித்திரை கடைசியில பூக்கும். எவ்வளவு வேணும்னாலும் வெட்டிக்கங்க, உங்க வீட்டம்மா சாமிக்கு வைக்கட்டும், தலையில வைக்கட்டும், நான் எண்ண மாட்டேன். எண்ணறதை விட்டுட்டேன்.

ஒண்ணே ஒண்ணு மட்டும், போறதுக்குள்ள கேட்டுட்டுப் போங்க. குடி வந்ததுக்கப்புறம் காலையில வேலிகிட்ட நிக்கும்போது உங்களுக்கும் கேக்கலாம். கேக்காமயும் போகலாம். கேட்டுச்சுன்னா, பாவம் யாரோ வயசானவங்க கூப்பிடறாங்களேன்னு நீங்க பாட்டுக்கு "என்னங்க"ன்னு கேட்டுடாதீங்க. உங்க வீட்டம்மாகிட்டயும் சொல்லி வைங்க. மூணு வரைக்கும் பேசாம இருங்க. அதுக்கு மேல ஒண்ணு வந்தா அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவ நான். அந்த நேரத்துல நான் எங்கயும் போறதில்ல. சந்தைக்குக்கூட மத்தியானத்துக்கு மேலதான்.